ஈதர், மாவுக்கட்டு, உறைந்த உடல்: மூன்றையும் முதலில் செய்தவர் ரஷ்யாவின் பிரோகோவ் தானா?

கேள்வி: "19ஆம் நூற்றாண்டு ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கொலாய் பிரோகோவ்தான் ஈதர் மயக்கம், மாவுக்கட்டு, உறைந்த உடலை அறுத்துப் படம் போடுவது ஆகிய மூன்றையும் தொடங்கி வைத்தவர் என்று படித்தேன். உண்மையா? அவர் உடற்கூறியல் ஆசிரியரா, அறுவை மருத்துவரா?"

மூன்றிலும் அவர் முதல் ஆள் இல்லை. ரஷ்யாவில் அவருக்கு முன்பே ஈதர் கொடுத்து அறுத்தவர் மாஸ்கோவின் இனசெம்த்செவ், 1847 பிப்ரவரி 7 அன்று. பிரோகோவ் அதற்கு ஒரு வாரம் பிந்தி, 14ஆம் தேதி செய்தார். மாவுக்கட்டு டச்சு ராணுவ மருத்துவர் மாத்தைசனுடையது. 1852இலேயே எழுதி வெளியிட்டுவிட்டார். உறைந்த உடலை அறுத்துப் படம் போட்டவர் இன்னொரு டச்சுக்காரர், தெ ரீமர், 1818இல். பிரோகோவின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. பிணவறை மேசையில் கண்டதை அப்படியே அறுவை மேசைக்குக் கொண்டுவந்தவர் அவர். கேள்வியின் கடைசிப் பகுதிக்கு அதுதான் பதில்: இரண்டும் அவருக்கு ஒரே வேலை.

தொடக்கம் ஒன்றும் பிரமாதமில்லை. 1810இல் மாஸ்கோவில் பிறந்தார். வயதைப் பதினாறு என்று கூட்டிப் போட்டு, பதினான்கு வயதிலேயே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1828இல் மருத்துவராகி வெளியே வரும்போது தன் கையால் ஓர் அறுவை சிகிச்சைகூடச் செய்ததில்லை என்று பின்னாளில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அங்கே பாடமெல்லாம் வாயால்தான். கத்தி பிடித்தது தார்பத்தில், அதாவது இன்றைய எஸ்தோனியாவின் தார்த்து நகரில். 1832இல் முனைவர் பட்டத்துக்கு எடுத்த பொருள் வயிற்றுப் பெருந்தமனியைக் கட்டுவது. ஆங்கிலேய மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1817இல் அதை ஒரு மனிதருக்குச் செய்திருந்தார், நோயாளி பிழைக்கவில்லை. பிரோகோவ் விலங்குகளில் செய்து பார்த்துக் கண்டது இது: ஒரே இழுப்பில் இறுக்கினால் பெரிய விலங்குகள் செத்துப்போகின்றன, கொஞ்சங் கொஞ்சமாக இறுக்கினால் தாக்குப்பிடிக்கின்றன. பக்கவழி ரத்தக்குழாய்கள் விரிய அவகாசம் கிடைப்பதுதான் வித்தியாசம்.

பெர்லினிலும் கோட்டிங்கனிலும் படித்துவிட்டுத் திரும்பும் வழியில், 1835இல், ரீகாவில் நோயில் விழுந்தார். அதற்குள் அவர் எதிர்பார்த்திருந்த மாஸ்கோ பேராசிரியர் பதவி இனசெம்த்செவுக்குப் போய்விட்டது. ஆம், மேலே சொன்ன அதே ஈதர்க்காரர்தான். அதனால் 1836இல் தார்பத்திலேயே பேராசிரியரானார். அடுத்த ஆண்டே தமனிகளையும் தசை உறைகளையும் பற்றிய நூலை வெளியிட்டார். என் கணக்கில் அவருடைய அசல் சாதனை இதுதான். மற்றவையெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

அந்த நூலின் சாரத்தை மேல்கைத் தமனியை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். குண்டடிபட்டு ரத்தம் பீறிடும் கையில் தமனியைக் கட்ட வேண்டும். துடிப்பு தெரிகிற கோட்டின் மேலேயே கத்தி வைத்தால் அங்கே ஓடும் சிரையும் தோல் நரம்பும் முதலில் அறுபடும். அவற்றைத் தாண்டினாலும் தமனியின்மேல் கையை இயக்கும் பெரிய நரம்புகளில் ஒன்றான மீடியன் நரம்பு படுத்திருக்கிறது. கீழே தமனி துடிக்கும்போது நரம்பும் சேர்ந்து துடிக்கும். அவசரத்தில் நரம்பைத் தமனி என்று எண்ணிக் கட்டிவிட்டால் கை செயலிழந்துவிடும், ரத்தமும் நிற்காது. பிரோகோவின் வழி இது: கோட்டிலிருந்து சற்று விலகி, மேல்கையின் முன்பக்கத்துப் பைசெப்ஸ் தசையின் உள்விளிம்பின் மேல் கீறு. தசை உறையின் முன்சுவரைத் திற. தசையை வெளிப்பக்கம் ஒதுக்கு. இப்போது தெரிகிற உறையின் பின்சுவர்தான் ரத்தக்குழாய் உறையின் முன்சுவர். அதைத் திறந்தால் நரம்பும் தமனியும் தத்தம் இடத்தில் கிடக்கும். இந்த ஒரு சுவர் இரண்டுக்கும் பொது என்பதைத்தான் அவர் விதியாகவே எழுதினார். தமனி ஆளுக்கு ஆள் கொஞ்சம் தள்ளியிருக்கலாம். தசையின் விளிம்பு ஏமாற்றாது. இன்றும் உடற்கூறியல் வகுப்பில் கழுத்திலுள்ள "பிரோகோவ் முக்கோணம்" என்று படிப்பவர்கள், அது நாக்குத் தமனியைத் தேடிப் பிடிக்க இதே கண்ணோட்டத்தில் போட்ட அடையாளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே காலத்தில் தார்பத் மருத்துவமனை ஆண்டறிக்கைகளையும் அச்சிட்டார். எங்கே நோயைத் தப்பாகக் கணித்தார், எந்த நோயாளியை எந்தத் தவறால் இழந்தார் என்று தன் பெயரிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். பேராசிரியர் என்றால் தவறமாட்டார் என்ற பிம்பம் இருந்த காலத்தில் அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

1841இல் பீட்டர்ஸ்பர்க் மருத்துவ அறுவை அகாதெமிக்கு வந்தார். அங்கே கையில் ஒப்படைக்கப்பட்டது ஆயிரம் படுக்கை கொண்ட ராணுவ மருத்துவமனை. அறுவை நன்றாக நடந்தும் நோயாளி சீழ் பிடித்துச் சாவதைத் தினமும் பார்த்தார். கிருமிக் கொள்கை வராத காலம். காற்றில் கெட்ட ஆவி என்றுதான் அவரும் நினைத்தார். ஆனாலும் சீழும் சதை அழுகலும் வந்தவர்களைத் தனிக் கட்டடத்துக்கு மாற்றினார். அவர்களுக்கு ஆட்களும் கட்டுத்துணியும் கருவிகளும் தனி. கிருமி நீக்கி அறுக்கும் முறையைச் சொன்ன ஆங்கிலேய மருத்துவர் லிஸ்டரின் கட்டுரைக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய சங்கதி இது. காரணம் தப்பு, காரியம் சரி.

இப்போது பனிக்கு வருவோம். சாதாரணமாகப் பிணத்தை அறுத்துப் பார்ப்பதில் ஒரு அடிப்படைக் கோளாறு உண்டு. மார்புக் கூட்டைத் திறந்த உடனே வெளிக்காற்று உள்ளே புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். இதயம் சாயும். வயிற்றைத் திறந்தால் குடல் வழிந்து இடம் மாறும். ஆக, மாணவன் பார்ப்பது உடலின் அமைப்பையல்ல, திறந்ததால் குலைந்த அமைப்பை. அதைத் தடுக்க பிரோகோவ் பீட்டர்ஸ்பர்க் குளிரைப் பயன்படுத்தினார். உடல் மரக்கட்டைபோல் இறுகும் வரை கடுங்குளிரில் போட்டுவைப்பார்கள். பிறகு சூடேற்றாத அறையில் ரம்பத்தால் மெல்லிய தட்டுகளாக மூன்று திசைகளிலும் அறுப்பார்கள்: குறுக்கே, முன்பின்னாக, பக்கவாட்டாக. ஒரே உடலில் மூன்று திசையும் முடியாது. ஒவ்வொன்றுக்கும் வேறு உடல் வேண்டும். அறுத்த முகத்தில் ஒட்டும் பனித்தூளையும் எலும்புத் தூளையும் துடைத்துவிட்டு, கட்டம் போட்ட கண்ணாடியை அதன்மேல் வைத்து, உருகுவதற்குள் அசல் அளவிலேயே வரைந்துவிட வேண்டும்.

கெடுவதற்கு இதில் நிறைய இடம் உண்டு. உறைவதற்கு முன்பே உடல் அழுகத் தொடங்கியிருந்தால் குடலில் வாயு நிரம்பி எல்லாவற்றையும் தள்ளிவிட்டிருக்கும். அறை கொஞ்சம் வெதுவெதுப்பானாலும் கொழுப்பு இளகி, ரம்பத்தின் பல் அதை முகம் முழுக்க இழுத்துப் பூசிவிடும். ரம்பம் தன் தடிமன் அளவுக்குச் சதையைத் தூளாக்கித் தின்றுவிடுகிறது. அதனால் அடுத்தடுத்த இரு தட்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. நீர் உறையும்போது விரிவதால் நிரம்பிய சிறுநீர்ப்பையும் கொஞ்சம் பெருத்துக் காட்டும். பிரோகோவ் இன்னொரு படி போனார். வயிறு, சிறுநீர்ப்பை போன்றவற்றை முன்கூட்டியே நிரப்பியும், கை கால்களை மடக்கி வைத்தும் உறையவைத்தார். நிரம்பினால் எது எங்கே நகர்கிறது என்று பார்க்க. சில உடல்களை அறுக்கவேயில்லை. சிற்பி கல்லைக் கொத்துவதுபோல் உளியால் கொத்தி, வெந்நீர்ப் பஞ்சால் இளக்கி, ஓர் உறுப்பை மட்டும் அது கிடந்த கிடையிலேயே வெளிக்கொணர்ந்தார். 1850களில் நான்கு பாகமாக வந்த அந்தப் பட நூலில் 224 படத்தாள்கள். இன்று சி.டி. ஸ்கேன் தட்டுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் படங்கள் துளியும் அந்நியமாக இருக்காது.

ஈதருக்கு வருகிறேன். நாயிலும் தன்மீதும் சோதித்த பிறகே நோயாளிக்குக் கொடுத்தார். மூச்சுவழி முகமூடி தவிர ஆசனவாய் வழியாகவும் ஈதர் ஆவியைச் செலுத்திப் பார்த்தார். முகத்தில் அறுக்கும்போது முகமூடி இடைஞ்சல் என்பதால் யோசனை கவர்ச்சியாகவே தெரிந்தது. சிக்கல் என்னவென்றால் ஈதர் சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும்; உடல் சூடே அதற்குப் போதும். உள்ளே போனது ஆவியாகப் பெருகிக் குடலை ஊதவைக்கும். மூச்சில் என்றால் முகமூடியை எடுத்துவிடலாம். குடலில் போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. முறை நிலைக்காததற்கு இதுவே போதுமான காரணம். 1847 கோடையில் காக்கசஸ் மலைப்பகுதியான தாகெஸ்தானில் சல்த்தி கிராம முற்றுகைக்குப் போய், போர்க்களத்தில் நூறு பேருக்கு ஈதர் கொடுத்தார். கல்லடுக்கி வைக்கோல் பரப்பிய திண்ணைதான் அறுவை மேசை. மருத்துவர் மண்டியிட்டு அறுக்க வேண்டும். மற்ற காயக்காரர்களை எதிரே உட்காரவைத்தே அறுத்தார். எதிர்த் திண்ணையில் அலறல் கேட்காததைப் பார்த்த பிறகு எவரும் மறுக்கவில்லை.

சல்த்தியில் எலும்பு முறிவுக்குக் கஞ்சிப்பசைக் கட்டுதான் போட்டார். அது காய ஒரு நாளுக்கும் மேலாகும். அதற்குள் மாட்டுவண்டி ஆட்டத்தில் எலும்பு மறுபடி விலகிவிடும். பிறகு ஒரு சிற்பியின் பட்டறையில், ஜிப்சக் கரைசலில் நனைத்த துணி சில நிமிடங்களில் கல்லாவதைக் கண்டார். மாத்தைசன் உலர்ந்த ஜிப்சத்தைத் துணியில் தேய்த்து வைத்துப் பிறகு நனைப்பார். பிரோகோவ் கரைசலில் தோய்த்த முரட்டுக் கித்தான் பட்டைகளை முதலில் நீளவாக்கிலும், அதன்மேல் குறுக்கேயும் வைப்பார். உள்ளே பழைய காலுறையோ உள்ளாடையோ போதும். காயத்துக்கு நேரே ஜன்னல் வெட்டிவிடுவார். ஈரம் ஏறிய பழைய ஜிப்சம் இறுகவே இறுகாது என்பது இன்றும் மாவுக்கட்டுப் போடுகிறவர்களுக்குத் தெரியும். வீங்கப்போகும் காலில் முழுவட்டமாக இறுக்கிப் போட்டால் விரல்கள் கறுத்துவிடும் என்பதும்.

1854 நவம்பரில், கிரிமியப் போரில் முற்றுகையில் இருந்த செவஸ்தோபோல் நகருக்குப் போனபோது அவருடைய பெரிய வேலை கத்தியால் நடக்கவில்லை. குண்டுவீச்சு நாட்களில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து குவிய, முதலில் கத்துகிறவனுக்கு முதலில் கை வைத்தால், பிழைக்கக்கூடியவன் ஓரத்தில் கிடந்து சாவான். வாசலிலேயே ஐந்து வகையாகப் பிரித்தார். பிழைக்கமாட்டாதவர்கள் செவிலியரிடமும் பாதிரியிடமும் போனார்கள். உடனே அறுத்தாக வேண்டியவர்கள் ஒரு பக்கம். சிகிச்சை அவசரம் என்றாலும் கத்தி இல்லாமல் பார்க்கக்கூடியவர்கள் இன்னொரு பக்கம். வண்டியில் ஏற்றி அனுப்பும் அளவுக்கு மட்டும் கைவைத்தால் போதும் என்பவர்கள் தனி. லேசான காயக்காரர்கள் கட்டுப்போட்டுக்கொண்டு படைக்குத் திரும்பினார்கள். போர்க்களத்தில் மருந்தைவிட நிர்வாகமே உயிர் காக்கிறது என்று பிறகு எழுதியது இந்த அனுபவத்தில்தான்.

அவர் பெயர் சொல்லும், பாதத்தை வெட்டியெடுக்கும் அறுவையும் அதே ஆண்டில் அச்சானது. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சைம், குதிகால் எலும்பைத் தோலிலிருந்து முழுதாகத் தோண்டி எடுப்பார். மிஞ்சிய தோல்பையில் ரத்தமும் சீழும் தேங்கும். பிரோகோவ் குதிகால் எலும்பின் பின்பாதியைத் தோலோடு விட்டுவிட்டு, முன்பாதியை மட்டும் அறுத்தார். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பான டிபியாவின் அடிமுகத்தையும் சீவிவிட்டு, பின்பாதியை 90 டிகிரி திருப்பி அதன்மேல் பொருத்தினார். பை இல்லை, காலும் சைம் முறையைவிட நீளமாக மிஞ்சுகிறது, தன் குதிகாலிலேயே ஊன்றலாம். தவறு நேர்வது இரண்டு இடங்களில். உட்பக்கத் தமனியை மேலே அறுத்துவிட்டால் குதிகால் தோல் அழுகும். குதிகால் நாண் எலும்புத் துண்டை மேலே இழுத்துவிட்டால் இரு முகங்களும் ஒட்டாது. எலும்புக்குள்ளேயே நோய் இருந்தால் இதைத் தொடவே கூடாது.

1856இல் அகாதெமியை விட்டார். ஒதெஸ்ஸாவிலும் கீவிலும் கல்வி அதிகாரியாக இருந்த காலத்தில் பிரம்படியை ஒழிக்காமல் விதி எழுதி வரம்பு கட்டியதற்காக விமர்சகர் தப்ரொல்யூபவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார், நியாயமான அடிதான். 1861இல் பதவி போனது. மிச்சக் காலம் பெரும்பாலும் இன்றைய உக்ரைனின் வின்னித்சா அருகே சொந்தப் பண்ணையில்.

1881இல் மேல்தாடையில் ஆறாத புண். மாஸ்கோவில் அறுவை மருத்துவர் ஸ்க்லிஃபசோவ்ஸ்கி புற்றுநோய் என்றார், அறுக்கச் சொன்னார். வியன்னாவில் இன்னொரு அறுவை மருத்துவர் பில்ரோத் சாதாரணப் புண் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று இறந்தார். விவோத்செவ் என்ற மருத்துவர் உடலைப் பதப்படுத்தினார்: இரண்டு பங்கு கிளிசரின், ஒரு பங்கு தண்ணீர், ஆல்கஹாலில் கரைத்த கொஞ்சம் தைமால் என்ற கிருமிநாசினி. கட்டியில் வெட்டியெடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஸ்க்லிஃபசோவ்ஸ்கி சொன்னதுதான் சரி என்று ஆனது. அந்த உடல் இன்னும் வின்னித்சாவில், கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது.