அடையாளம் கேட்டுக் காத்திருக்கிற தங்கச்சிக்கு

கேள்வி: அக்கா, நான் உப்புவெளியில இருக்கிறன். என்ட கலியாணத்துக்கு அண்ணா தன்ட போட் இஞ்சினை வித்துக் காசு தந்தவர். திருப்பித் தாறம் எண்டுதான் வாங்கினனாங்கள், இன்னும் குடுக்கேல்ல. அம்மாட 31 ஆம் நாள் வீட்டில அவர் அதைக் கேக்க, நான் எல்லாருக்கும் முன்னால "அம்மாவுக்கு நீ என்ன செய்தனி, கணக்குக் காட்டு" எண்டு கத்திப்போட்டன். அதுக்குப் பிறகு அவர் மூதூரில, நான் இங்க, ஒரு கதை பேச்சும் இல்ல. எப்ப ஜெபத்தில இருந்தாலும் அண்ணாட்டப் போ எண்டுதான் உள்ளுக்க சொல்லுது. பாடகர் குழுவில இருக்கிறன், பெண்கள் ஐக்கியத்தில வேலை செய்யிறன், வெள்ளிக்கிழமை உபவாசம் விடுறேல்ல. கிதியோன் தோல் போட்டுக் கேட்ட மாதிரி, அண்ணா ஒரு மெசேஜ் போட்டா அதுதான் அடையாளம், உடன போறன் எண்டு கர்த்தரிட்டச் சொல்லிக் காத்திருக்கிறன். என்ட மனுசனும் அண்ணா வரட்டும், நீ போகாத எண்டுறார். நான் காத்திருக்கிறது பிழையா? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புத் தங்கச்சி, எப்ப ஜெபத்தில இருந்தாலும் அண்ணாட்டப் போ எண்டுதான் உள்ளுக்க சொல்லுது எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள், அப்ப கேட்டதுக்குப் பதில் எப்பவோ வந்திட்டுது, இனி எதுக்கு அடையாளம்?

கிதியோன்ட கதையை நாங்கள் எல்லாரும் அந்தத் தோலில இருந்துதான் ஞாபகம் வச்சிருக்கிறம், ஆனா நியாயாதிபதிகள் 6 ஐ முதல்ல இருந்து வாசிச்சுப் பாருங்கோ, உனக்கிருக்கிற இந்தப் பலத்தோட போய் இஸ்ரவேலை மீட்டெடு எண்டு கர்த்தர் 14 ஆம் வசனத்திலயே சொல்லியாச்சு, தோல் வாறது 36 ஆம் வசனத்துக்குப் பிறகுதான். ஒருநாள் ராப்பனியில தோல் நனையோணும் தரை காய்ஞ்சிருக்கோணும், மற்ற நாள் தோல் காய்ஞ்சிருக்கோணும் தரை நனையோணும் எண்டு ரெண்டாந்தரம் கேக்கேக்க என்மேல கோபப்படாதேயும் எண்டு அவனே கெஞ்சுறான், தான் இழுத்தடிக்கிறன் எண்டு அவனுக்கே விளங்கினது. கர்த்தர் பொறுத்தார், அது அவற்ற இரக்கம். அதை நாங்கள் ஒரு முறையா எடுக்கேலாது.

உங்கட தோலில இன்னொரு பிரச்சினையும் இருக்கு. கிதியோன் பனியைக் கேட்டவன், நீங்கள் அண்ணாட மெசேஜைக் கேக்கிறீங்கள். காசும் குடுத்து, எல்லாருக்கும் முன்னால பேச்சும் வாங்கின மனுசன்தான் முதல் அடி வைக்கோணும், அவர் வச்சாத்தான் நான் கர்த்தருக்குக் கீழ்ப்படிவன் எண்டு ஆகுதெல்லோ? உங்கட கீழ்ப்படிதலை அவர்ட போனுக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டு இருக்கிறீங்கள். இதைச் சொல்ல எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா சொல்லாம விட்டா உங்களுக்கு நல்லது செய்தவளா இருக்க மாட்டன்.

மத்தேயு 5:23, 24 உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். காணிக்கை கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால நிக்கேக்க உன்பேரில உன் சகோதரனுக்குக் குறை இருக்கெண்டு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கயே வச்சிட்டு முதல்ல போய் ஒப்புரவாகு. உனக்கு அவன்மேல குறை இருந்தா எண்டு இல்ல, அவனுக்கு உன்மேல இருந்தா எண்டுதான் இருக்கு, அது அப்பிடியே உங்கட நிலைமை. இயேசு இதைச் சொன்ன இடத்தையும் யோசியுங்கோ. கேட்டுக்கொண்டிருந்த சனம் கலிலேயாச் சனம், பலிபீடம் இருந்தது எருசலேமில, இடையில மூண்டு நாள் நடை. அப்ப ஆடோ புறாவோ அங்கயே விட்டிட்டுத் திரும்பி மூண்டு நாள் நடந்து வந்து, சகோதரனோட கதைச்சு, பிறகு மறுபடி மூண்டு நாள் ஏறிப் போகோணும். கேட்ட சனம் திகைச்சிருக்கும். உங்களுக்கு மூதூர் ஒரு பஸ். முந்தியெண்டா ரோட்டால போறதுக்குத் துறைக்குத் துறை பாதைப் படகில ஏறி இறங்கோணும், 2009 இல கிண்ணியாப் பாலம் திறந்து, பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் வந்தாப்போல அந்தச் சாட்டும் இல்லாமப் போச்சு.

பாடுறதையும் உபவாசத்தையும் நான் குறைச்சுச் சொல்லேல்ல, அதெல்லாம் நல்ல காணிக்கை. ஆனா எல்லாத்தையும் அழி எண்டு கர்த்தர் சொல்லியும் சவுல் ராஜா நல்ல ஆடு மாடுகளைத் தப்பவிட்டு, பலியிடத்தான் வச்சிருக்கிறம் எண்டு சாமுவேலுக்குச் சொன்னதை நினையுங்கோ, சொன்னதைச் செய்யாம விட்ட இடத்தை ஆராதனையால மறைக்கப் பாத்தான். வெள்ளிக்கிழமை பசியோட இருக்கிறது உங்களுக்கு லேசாப் போச்சு, அண்ணாட கேற்றடியில நிக்கிறதுதான் பாரம், அதாலதான் உபவாசம் கூடிக்கொண்டு போகுதெண்டு நான் நினைக்கிறன்.

சரி, அப்ப பல்லைக் கடிச்சுக்கொண்டு கடமைக்குப் போட்டு வந்தாச் சரியோ? அதுவும் போதாது. யோனாவைப் பாருங்கோ, கிழக்க நினிவேக்குப் போகச் சொல்ல, யோப்பாத் துறைமுகத்துக்குப் போய் சொந்தக் காசில கூலி குடுத்து மேற்க தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினவர். பிறகு நினிவேக்குப் போனார்தான், பிரசங்கமும் பண்ணினார், ஊரே மனந்திரும்பினது, ஆனா நாலாம் அதிகாரத்தில ஊருக்கு வெளிய குந்தியிருந்து செத்தாலும் பரவாயில்ல எண்டு கோவிக்கிறார். கால் போனது, மனசு போகேல்ல. லட்சத்து இருபதினாயிரம் பேருக்கு நான் பரிதபியாம இருப்பனோ எண்டு கர்த்தர் கேக்க, யோனா என்ன சொன்னார் எண்டு எழுதாமலே புத்தகம் முடியுது.

மனசோட போறது எண்டா பயம் இல்லாமப் போறது எண்டு நினைச்சிடாதேங்கோ. கெத்செமனேயில இயேசுவே இந்தப் பாத்திரம் நீங்கட்டும் எண்டு கேட்டவர், ஒருக்கா இல்ல, மூண்டு தரம் போய் ஜெபிச்சவர், பிறகு எழும்பிப் போனார். நீங்களும் எனக்குப் போக விருப்பமில்ல, வெக்கமாக்கிடக்கு, அண்ணி என்ன சொல்லுவாவோ எண்டு பயமாக்கிடக்கு எண்டு உள்ளதை உள்ளபடி கர்த்தரிட்டச் சொல்லுங்கோ, அடையாளம் தா எண்டு கேக்கிறதை விட்டிட்டு மனசைத் தா எண்டு கேளுங்கோ. மனசு முழுக்கச் சரியாகிற மட்டும் நிக்கவும் வேண்டாம், ரெண்டு மகன்மார் உவமையில, அப்பாவுக்கு மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு தோட்டத்துக்குப் போன மகனைத்தான் இயேசு மெச்சினவர். கனபேருக்குப் போற வழியிலதான் மனசு இளகும்.

காசு விசயத்தையும் தள்ளி வைக்கேலாது தங்கச்சி. பிலேமோனுக்குப் பவுல் எழுதின கடிதத்தில நன்மை கட்டாயத்தால இல்லாம மனப்பூர்வமா இருக்கோணும் எண்டும் இருக்கு, அடிமை ஒநேசிமு உனக்குக் கடன்பட்டிருந்தா என் கணக்கில வை, நான் தந்து தீர்ப்பன் எண்டும் இருக்கு, ரெண்டும் அந்தச் சின்னக் கடிதத்துக்குள்ளயே. இஞ்சினை வித்தவர் இன்னொராள்ட போட்டில பங்குக்குப் போற நிலைமைக்கு வந்திருக்கலாம், யோசிச்சீங்களோ? 2022 இல டொலர் 200 ரூபாயில இருந்து 360 மட்டுக்கும் ஏறி, வெளிநாட்டில இருந்து வாற சாமானெல்லாம் விலை எங்கயோ போட்டுது, அவர் அண்டைக்குத் தந்த காசை அப்பிடியே எண்ணிக் குடுத்தா இண்டைக்கு இஞ்சின் வராது. லேவியராகமம் 6 இல முதலோட ஐந்தில ஒரு பங்கு கூட்டிக் குடுக்கச் சொல்லியிருக்கு, குற்றநிவாரண பலி அதுக்குப் பிறகுதான் வருது. முழுக்க இப்ப ஏலாதெண்டா ஏலுமானதைக் கொண்டுபோங்கோ, மிச்சம் மாசம் எவ்வளவு எண்டு எழுதிக் குடுங்கோ.

உங்கட அவரிட்ட ஒளிச்சுப் போக வேண்டாம். கடன் ரெண்டு பேருக்கும்தான், இருத்திக் கதையுங்கோ, அவருக்கு விருப்பமெண்டா கூட வரட்டும், அங்க நியாயம் பிளக்கிறதெண்டா வீட்டில நிக்கட்டும். அடிதடி, வெருட்டல் எண்டு ஏதும் நடந்திருந்தா நான் வேற மாதிரிச் சொல்லியிருப்பன், தனியப் போகவே விடமாட்டன், உங்கட கடிதத்தில அப்பிடி ஒண்டும் இல்ல.

வோய்ஸ் மெசேஜ் போட்டு முடிக்கப் பாக்காதேங்கோ, நேர போங்கோ. அம்மாட 31 இல நான் கத்தினது பிழை அண்ணா, உங்கட காசையும் இவ்வளவு நாள் வச்சிருந்திட்டன் எண்டு சொல்லுங்கோ, அதுக்குப் பின்னால "ஆனா" போட்டு ஒண்டும் சேக்காதேங்கோ, நீங்களும் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது எண்டு தொடங்கினா திரும்பச் சண்டைதான். அவர் கேற்றைத் திறக்காட்டி காசை அண்ணிட்டக் குடுத்திட்டு வாங்கோ. உங்களாலானமட்டும் எண்டுதான் ரோமர் 12:18 இல இருக்கு, மற்றது அவருக்கும் கர்த்தருக்கும். ஒருதரம் திறக்கேல்ல எண்டு விட்டிடாம அடுத்த மாசக் காசையும் நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ. போட்டு வந்து எனக்கு எழுதுங்கோ, உங்கட ரெண்டு பேருக்காகவும் ஜெபிக்கிறன்.