வாகனக் கேள்வி – பதில்: பழைய காருக்கு என்ன விலை சொல்லலாம்?

கேள்வி: அப்பாவின் 1959 மொறிஸ் மைனர் 1000, நான்கு கதவு, ஓட்டத்தில் இருக்கிறது. இஞ்சின் மட்டும் டட்சன் 1200. கொழும்பு விளம்பரங்களில் இதே மாதிரிக் கார்களுக்கு நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு போட்டிருக்கிறார்கள். நானும் அதையே கேட்கலாமா?
– வாசகர், கல்லடி

பதில்: கேட்கலாம், கார் முற்றத்திலேயே நிற்கும். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. கைமாறிய விலை வேறு. உங்களுடையதைப் போன்ற ஐந்தாறு கார்களைக் குறித்துவைத்து ஒன்றரை மாதம் கவனியுங்கள். விளம்பரம் எடுபட்டதும் விற்றவருக்கு ஒரு கோல் எடுத்து, என்ன விலைக்குப் போனது என்று கேளுங்கள், அநேகமானோர் சொல்வார்கள். வாகன இறக்குமதி நின்ற 2020க்கும் மீண்டும் திறந்த 2025க்கும் இடைப்பட்ட விலைகளை அளவுகோலாக எடுக்கவேண்டாம்.

அடுத்தது தகரம். கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நின்ற கார் என்றால் வாங்க வருபவர் முதலில் குனிந்துதான் பார்ப்பார். மிதியடியைக் கிளப்பித் தளத்தின் ஓரம், கதவுகளுக்குக் கீழுள்ள சில், பின் வில்லுத் தகடு பூட்டிய இடம் ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, அடைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது. விற்பதற்காகப் புதுப் பெயின்ற் அடிக்காதீர்கள். அது சந்தேகத்தைத்தான் கூட்டும். முன் சக்கரத்தின் கீழ் ரன்னியனில் (சக்கரம் திரும்ப உதவும் மரை மூட்டு) மரை தேய்ந்திருந்தால் ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கிவிடும். அதை மாற்றிவிட்டே விளம்பரம் போடுங்கள்.

அந்த ஆண்டு மைனருக்கு வந்தது 948 சிசி இஞ்சின். தினம் ஓட வாங்குபவருக்கு டட்சன் வசதி, சேகரிப்பவருக்குக் குறை. பழைய இஞ்சின் மூலையில் கிடந்தால் காரோடு சேர்த்துக் கொடுங்கள். டட்சனின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் ஏறாவிட்டால் அதை முதலில் சரிசெய்யுங்கள். பெயர் மாற்றச் சிக்கலைச் சொல்லியே விலையை அடித்து இறக்குவார்கள். கதவுத் தூணிலிருந்து நீளும் சிக்னல் கை இன்னும் வேலைசெய்தால், பழைய ஸ்ரீ இலக்கமும் இருந்தால், படத்தில் தெரியப் போடுங்கள்.

கணக்கு விளங்க ஓர் உதாரணம்: டட்சன் இஞ்சினோடு நல்ல நிலையில் இருந்த ஒன்று 12 இலட்சத்துக்குப் போயிருக்கிறது என்று வைப்போம். உங்கள் காரின் சில், தள வேலைக்கு தகர வேலை செய்யும் ரிங்கர்காரர் 2.5 இலட்சம் சொல்கிறார், பிரேக்குக்கு 40,000. மிச்சம் 9.1. கேட்பது 9.6, இறங்குவது 9 வரை.

கேள்வி: கனடாவில் மச்சான் 1967 ஃபோர்ட் மஸ்ராங் கார் விற்கப்போகிறார். 390 (கன அங்குல) இஞ்சின் கார் ஏலத்தில் போன விலையைக் கேட்கலாம் என்கிறார். சரியா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: காரின் சசி (chassis) இலக்கத்தின் ஐந்தாவது எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘எஸ்’ என்றால் தொழிற்சாலையிலேயே 390. ‘சி’ என்றால் அது சிறிய 289 இஞ்சினோடு பிறந்த கார். பிறகு 390 ஏற்றியிருந்தாலும் ‘எஸ்’ காரின் விலை வராது. கூரை பின்னோக்கிச் சரியும் ஃபாஸ்ற்பேக் போன விலையும் சாதாரண இரண்டு கதவுக்குப் பொருந்தாது. ஏல விலையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் தரகுப் பணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும், அதைக் கழித்தே பார்க்கவேண்டும். கண்ணாடிக்கு முன்னுள்ள காற்றுத் துவாரத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும். உள்ளே கால் வைக்கும் இடம் நனைந்தால் துவாரத்தின் கீழுள்ள பெட்டித் தகரம் உக்கிவிட்டது. வெல்டிங் ஒட்டுகளைத் துளைத்துக் கழற்றிச் செய்யும் பெரிய வேலை அது, செலவைக் கேட்டு விலையில் குறைத்துக்கொள்ளவேண்டும்.