கடை போனது, கட்டடம் தப்பியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

லாஸ் ஏஞ்சலிஸில் புல்லக்ஸ் வில்ஷயர் கட்டடத்தைப் பார்த்தேன். ஹாலிவுட் நட்சத்திரங்கள் உடை வாங்கிய ஆடம்பரக் கடை இன்று சட்டக் கல்லூரி. மனம் ஒப்பவில்லை. அருங்காட்சியகமாக்கியிருக்கக் கூடாதா?

ச.

அன்புள்ள ச.,

கூடாது என்பேன். அந்தக் கட்டடத்துக்கு நேர்ந்த நல்லதே கல்லூரி வந்ததுதான்.

1929 செப்டம்பரில் கடையைத் திறந்தார்கள். அடுத்த மாதமே பங்குச்சந்தை சரிந்தது; அதையும் தாங்கி நின்றது. நகர மையத்தின் கடைவீதியை விட்டு விலகி, காரில் வருபவர்களை நம்பி எழுப்பிய கடை. வடிவமைத்தவர்கள் ஜான் பார்க்கின்சனும் அவர் மகன் டொனால்டும். செம்புத் தகடு போர்த்திய 241 அடிக் கோபுரத்தைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது பின்பக்கம். சாலையோரக் காட்சி ஜன்னல்கள் காரில் கடந்துபோகிறவர்களின் கண்ணுக்காக. வாடிக்கையாளர் பெரும்பாலும் நுழைந்ததோ பின்வாசல் வழியாக. அங்கே சீருடைப் பணியாளர் காரை வாங்கிக்கொண்டுபோய் நிறுத்துவார். இறங்குகிறவர் தலைக்கு மேலே, கூரையில், ஹெர்மன் சாக்ஸ் வரைந்த ஓவியம்: கப்பல், ரயில், விமானம், செப்பலின் வான்கப்பல், கூடவே ரோமானியர்களின் தூதுத் தெய்வம் மெர்க்குரி. கார் நிறுத்துமிடத்துக்கு இத்தனை ராஜமரியாதை!

1978இல் அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியல் தனியார் உரிமையாளரின் கையைக் கட்டுவதில்லை. 1992 கலவரத்தில் கடை சேதமடைந்தது. மறு ஆண்டு மூடப்பட்டது. அப்போது உரிமையாளராக இருந்த மேசிஸ் நிறுவனம் விளக்குகளையும் அறைகலன்களையும் கழற்றி எடுத்துச் சென்றது. ஊரார் கொதித்தெழுந்த பிறகே அவை திரும்பி வந்தன. சுவர் சின்னமாம், விளக்கு சரக்காம்! இந்தக் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை.

1994இல் சவுத்வெஸ்டர்ன் சட்டக் கல்லூரி வாங்கியது. பழுதுபார்த்துப் பழைய அழகை மீட்டார்கள். நூலகம் வந்தது. சீமாட்டிகள் தேநீர் அருந்திய ஐந்தாம் தளக் கூடத்தில் இன்று மாணவர்கள் சாப்பிடுகிறார்கள். அருங்காட்சியகத்தில் கூரை ஒழுகினால் நிதி வரும்வரை வாளி வைப்பார்கள். மறுநாள் வகுப்பு நடக்க வேண்டிய இடத்தில் அப்படி விட முடியாது.

ஒரு நஷ்டம் உண்டு. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். கல்லூரிக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. அதற்காக வருத்தப்பட்டிருந்தீர்கள் என்றால் நானும் சேர்ந்துகொண்டிருப்பேன்.