நுகர்வோர் கேள்வி-பதில்: பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் போடலாமா?

கேள்வி: ஏற்காடு நாகலூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான். 2017-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஏழாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கு இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. சேலம் ஐந்து ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். "இதில் விண்டோஸ் 11 ஏறாது. நாற்பதாயிரத்துக்குப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் லினக்ஸ் போட்டுத் தருகிறோம், லைசென்ஸுக்கு 2,500 ரூபாய்" என்றார்கள். மாணவர்களுக்கு வினாத்தாள் தட்டச்சு செய்வது, வங்கிக் கணக்குப் பார்ப்பது, வெளியூரில் இருக்கும் மகனுடன் வீடியோவில் பேசுவது, இவ்வளவுதான் என் வேலை. இணைய இணைப்பு கைப்பேசி ஹாட்ஸ்பாட் வழியாகத்தான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 2,500 ரூபாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் ஓர் இயங்குதளம். அதன் வடிவங்களான லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் போன்றவற்றை வீட்டில் பயன்படுத்த லைசென்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட, லினக்ஸின் உட்கருவான கெர்னலும் அதன்மேல் எழுந்த இத்தொகுப்புகளும் யாரும் இறக்கிக்கொள்ளலாம், பிறருக்கு நகலெடுத்துக் கொடுக்கலாம் என்ற உரிமையுடன் வரும் கட்டற்ற மென்பொருள்கள். கடைக்காரர் தம் நேரத்துக்கும் உழைப்புக்கும் கூலி கேட்பது முழுக்க நியாயமானது. ஆனால் கூலியை லைசென்ஸ் என்று சொல்லி வாங்குவது வாடிக்கையாளரைத் தவறாக நம்பவைக்கும் செயல். "நிறுவும் கட்டணம்" என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

விண்டோஸ் 11 ஏறாது என்று அவர்கள் சொன்னது உண்மைதான். மைக்ரோசாஃப்டின் பட்டியலில் ஐ3 செயலிகள் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்பை அந்நிறுவனம் அறிவித்தது. அது முடிவைத் தள்ளிப்போட உதவுமே தவிரத் தீர்வாகாது. ஆனால் புதுப்பிப்பு நின்றுவிட்டது என்பதனாலேயே கணினி பழுதாகிவிட்டது என்று பொருளில்லை. நீங்கள் சொல்லும் வேலைகளுக்கு நாற்பதாயிரம் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத, வேகமான சேமிப்பகம்) ஒன்றும், உங்கள் கணினியில் இடம் இருந்தால் இன்னொரு 4 ஜிபி ராமும் போடச் சொல்லுங்கள். இந்த வயதுடைய மடிக்கணினிகள் திறக்கவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். அதை மாற்றாமல் இயங்குதளத்தை மட்டும் மாற்றினால் பாதிப் பயன்தான் கிடைக்கும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கழற்றிய ஹார்டு டிஸ்கை அழிக்காமல் அப்படியே வாங்கிக்கொண்டு ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வைத்தால், பழைய கோப்புகளும் பழைய விண்டோஸும் உங்கள் கையிலேயே இருக்கும். மனம் மாறினால் பழையபடி மாட்டிக்கொள்ளலாம்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை அவசியம். லினக்ஸை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். ஹார்டு டிஸ்கில் ஓர் எழுத்தும் மாறாது. கடையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து வைஃபை பிடிக்கிறதா, பாட்டு கேட்கிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் திரை மறுபடி விழிக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாம் சற்று மந்தமாகத்தான் இருக்கும். வேகத்தை அப்போது எடைபோட வேண்டாம். வைஃபை மட்டும் தெரியவில்லையென்றால் உடனே கைவிடவும் வேண்டாம். சில வைஃபை சிப்புகளுக்கு அவற்றை இயக்கும் தனி மென்பொருள், அதாவது டிரைவர், தேவைப்படும். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும், டிரைவரை அதன் வழியே இறக்கிக்கொள்ளலாம். கைரேகை உணரி மட்டும் பல மடிக்கணினிகளில் வேலை செய்வதில்லை. அதை நம்பியிருந்தால் மறந்துவிட வேண்டியதுதான்.

தொகுப்பு எதுவென்றால், விண்டோஸ் பழகிய கைக்கு லினக்ஸ் மின்டைச் சொல்வேன். ராமைக் கூட்ட முடியாவிட்டால் அதிலேயே குறைந்த ராமில் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கீழே இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் கடிகாரம் என்று திரை பழகியபடியே இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. எந்தப் புதுப்பிப்பை எப்போது இறக்குவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், ஹாட்ஸ்பாட் டேட்டா ஒரே நாளில் கரைந்துபோகும் கவலை இல்லை. மலையிலிருந்து சேலத்துக்கு வரும் நாளில் பிராட்பேண்ட் உள்ள உறவினர் வீட்டில் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம்.

இனி வினாத்தாள். உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான சிரமம் வரும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய வினாத்தாள்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அவை எல்லாக் கணினியும் கைப்பேசியும் ஒரேபோல் படிக்கும் யூனிகோடு முறையில் அமைந்தவை அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "தமிழ்" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். முதல்முறை இதைப் பார்ப்பவர்கள் லினக்ஸ் தம் கோப்புகளைக் கெடுத்துவிட்டதாகவே அஞ்சுகிறார்கள். எதுவும் கெடவில்லை. பழைய கணினியின் எழுத்துருக் கோப்பை எடுத்து வந்து இருமுறை சொடுக்கி நிறுவினால் எழுத்துகள் பழையபடி தெரியும். ஆனால் இனி எழுதுபவற்றை யூனிகோடிலேயே எழுதுங்கள். அடிக்கடி தேவைப்படும் பழைய வினாத்தாள்களை எழுத்துரு மாற்றியில் இட்டு ஒவ்வொன்றாக மாற்றி வையுங்கள். கைப்பேசியில் அனுப்பினாலும் மாணவர்களால் படிக்க முடியும் என்பதே இதன் பெரிய பயன்.

தட்டச்சுக்கு 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் இருக்கிறது. பட்டியலில் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேல் தெரியலாம். "எம்17என்" என்ற குறிப்புள்ளதை எடுங்கள். அதில்தான் க விசையை இருமுறை தட்டினால் "க்க" என்று புள்ளி தானாக விழும் வசதி ஒழுங்காகக் கிடைக்கும். எழுதுவதற்கு லிப்ரே ஆபிஸ் மின்டுடன் கூடவே வருகிறது. வேர்டில் செய்த அட்டவணைகள் அதில் ஒரு வரி இரண்டு வரி நகரக்கூடும். கேலிப்ரி போன்ற எழுத்துருக்கள் லினக்ஸில் இல்லாததே பெரும்பாலும் காரணம், அதே அகல அளவில் அமைந்த கார்லிட்டோ எழுத்துரு அக்குறையைத் தீர்க்கும். அச்சகத்துக்கோ பள்ளிக்கோ அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

வங்கித் தளம் ஃபயர்ஃபாக்ஸில் திறக்கும். மகனுடன் கூகுள் மீட்டிலும் ஜூமிலும் பேசலாம். லினக்ஸுக்கென்று வாட்ஸ்அப் நிறுவனம் தனிச் செயலி தரவில்லை என்பதால், அதில் பேசுவதைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்வது எளிது. ஐயங்களுக்குத் தமிழிலேயே படிக்க விரும்பினால் 2012 முதல் வெளிவரும் கணியம் இணைய இதழில் லினக்ஸ் கட்டுரைகள் ஏராளமாக இருக்கின்றன.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கணக்குக்கு டேலி, ஜிஎஸ்டி தாக்கலுக்கு யுஎஸ்பி டோக்கனில் உள்ள டிஜிட்டல் கையொப்பம். அலுவலகக் கணினியை லினக்ஸுக்கு மாற்றினால் செலவு குறையும் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: அந்தக் கணினியை மாற்ற வேண்டாம். டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட மென்பொருள். லினக்ஸில் வேறு வழிகளில் ஓட்ட முயலலாம் என்றாலும், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் இரவில் அது மக்கர் செய்தால் உங்களுக்கு உதவ ஆளிருக்க மாட்டார். டோக்கன்களில் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனால் தாக்கல் தளம் கேட்கும் துணை மென்பொருளும் டோக்கனும் உலாவியும் மூன்றும் ஒத்துவர வேண்டும். நான் இந்த வேலையை லினக்ஸில் செய்துபார்த்து ஒரு முழுப் பிற்பகலை இழந்த பிறகே இதைச் சொல்கிறேன். கணக்குக் கணினியில் ஆதரவு உள்ள விண்டோஸ் இருக்கட்டும். பட்டறையில் மின்னஞ்சல் பார்க்கவும், வடிவமைப்புப் படங்களைக் காட்டவும் இன்னொரு பழைய கணினி இருந்தால் அதற்கு லினக்ஸ் போடுங்கள். மின்னஞ்சலில் வரும் கண்ட இணைப்புகளைக் கணக்குக் கணினியில் திறக்காமல் இருப்பதே தனி ஆதாயம்.

கேள்வி: மெய்யனூரில் இருக்கிறோம். பொறியியல் படிக்கும் மகளுக்கு இணையத்தில் டாஸ் மடிக்கணினி (விண்டோஸ் இல்லாமல் விற்கப்படுவது) ஒன்றைச் சில ஆயிரம் குறைவாக வாங்கி உபுண்டு நிறுவினோம். நான்கு மாதத்தில் விசைப்பலகையில் ஒரு வரிசையே வேலை செய்யவில்லை. சேவை மையத்தில் "இயங்குதளத்தை மாற்றிவிட்டீர்கள், வாரண்டி கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது சரியா?

பதில்: வாரண்டி அட்டையில் அப்படியொரு நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். டாஸ் என்று விற்கப்படும் மடிக்கணினியே வாங்குபவர் தமக்கு வேண்டிய இயங்குதளத்தை நிறுவிக்கொள்வதற்காக வருவது. அதில் ஒன்றை நிறுவியது குற்றம் என்று சொன்னால், பொருளை விற்ற நோக்கத்தையே மறுப்பதாகும். மென்பொருள் கோளாறுக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பது நியாயம். விசைப்பலகை கெட்டது வன்பொருள் கோளாறு.

அதை மெய்ப்பிக்கவும் எளிய வழி இருக்கிறது. கணினியைத் தொடக்கும்போதே எஃப்2 அல்லது அந்த மாடலுக்குரிய விசையை அழுத்தி பயாஸ் திரைக்குச் செல்லுங்கள். அங்கே உபுண்டு இன்னும் தொடங்கியிருக்காது. பல மாடல்களில் அங்கேயே விசைப்பலகைச் சோதனை உண்டு; இல்லையென்றால் பயாஸிலேயே கடவுச்சொல் கேட்கும் கட்டத்தில் தட்டிப் பார்க்கலாம். அந்த வரிசை அங்கும் பதில் சொல்லவில்லையென்றால் இயங்குதளத்துக்கும் கோளாறுக்கும் தொடர்பில்லை. மகளைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். மாடல் எண்ணும் தேதியும் படத்தில் தெரியட்டும்.

பிறகு மறுபடி சேவை மையத்துக்குப் போய், மறுப்பை ஜாப் ஷீட்டில் (பழுதுபார்ப்புக்கு அவர்கள் தரும் பதிவுச் சீட்டில்) எழுதித் தரக் கேளுங்கள். வாயால் மறுப்பவர்களில் பலர் எழுத்தில் மறுக்கத் தயங்குவதை இப்பகுதிக்கு வந்த பல கடிதங்களில் பார்த்திருக்கிறேன். அதற்கும் இசையவில்லையென்றால் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார், அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டம் என்பதால் சேலம் ஆணையத்திலேயே மனு கொடுக்க இச்சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கோளாறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ரசீது, வாரண்டி அட்டை, ஜாப் ஷீட், மின்னஞ்சல்கள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

விண்டோஸுடன் வந்த மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவ நினைக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதில் கை வைப்பதற்கு முன் அந்தக் குறியாக்கத்தைத் திறக்கும் பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். 48 இலக்கம், ஒன்று தவறினாலும் பயனில்லை. மீட்பு பென் டிரைவ் ஒன்றும் செய்து வையுங்கள். விண்டோஸின் உரிம எண் பொதுவாக மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால், பின்னாளில் அதே பதிப்பைத் திரும்ப நிறுவினால் மீண்டும் பணம் கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: அம்மாபேட்டையில் இருந்து எழுதுகிறேன். லினக்ஸ் மடிக்கணினிக்கு எந்த அச்சுப்பொறி வாங்கலாம்?

பதில்: மாடல் பெயரைவிட ஒரு சொல்லைப் பெட்டியில் தேடுங்கள்: ஏர்பிரின்ட். ஐஃபோனுக்காக ஏற்பட்ட முறை அது. ஆனால் அதை ஏற்கும் வைஃபை அச்சுப்பொறிகளுக்குப் பெரும்பாலும் லினக்ஸில் தனி டிரைவரே வேண்டியதில்லை. எச்பி மாடல்களில் மிகப் பலவற்றுக்கான டிரைவரை அந்நிறுவனமே கட்டற்ற மென்பொருளாகத் தருகிறது. எச்சரிக்கையாக இருக்க வேண்டியது மலிவாகக் கிடைக்கும் பழைய லேசர் அச்சுப்பொறிகளிடம்தான். சில, தமக்கென்று தனி மொழியில் மட்டும் பேசுபவை. என் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது, விண்டோஸில் பளிச்சென்று அச்சிட்டது, லினக்ஸுக்கு மாறிய நாள் முதல் வெற்றுத்தாளாகத் தள்ளியது, கடைசியில் அதை விற்க வேண்டியதாயிற்று. எனவே கடைக்குப் போகும்போது மடிக்கணினியையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு தமிழ்ப் பக்கத்தை அங்கேயே அச்சிட்டுக் காட்டச் சொல்லி, தாள் கையில் வந்த பிறகு ரசீது போடச் சொல்லுங்கள்.