‘கூடுமானவரை’ என்ற சொல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுற்றுச்சூழல் சட்டங்களை மக்களுக்குப் புரியும் மொழியில் எழுத வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் வேதியியல் படித்தவள். எனக்கு ஒரு சந்தேகம். நச்சுப்பொருட்களைப் பற்றிய விதியை எளிய மொழியில் சொல்லப்போனால் துல்லியம் போய்விடும். துல்லியம் போனால் ஆலைக்காரருக்குத்தான் லாபம். அவருடைய வக்கீல் அந்த ஓட்டை வழியாக நுழைந்துவிடுவார். சட்டம் கடினமாக இருப்பதே நமக்குப் பாதுகாப்பு இல்லையா? மக்களுக்கு ஒரு சுருக்கப் பிரசுரம் போதாதா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கவலை நியாயமானது. “நச்சுப்பொருள் அதிகம் கலக்கக் கூடாது” என்று ஒரு சட்டம் சொன்னால் அதனால் யாருக்கும் பயனில்லை. எண்ணும் அலகும் அளக்கும் முறையும் இருந்தே ஆக வேண்டும். இதில் உங்களோடு எனக்கு வழக்கே இல்லை.

ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதில் வேறுபடுகிறேன். ஏதாவது ஓர் அனுமதி ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். வேதிப்பெயர்களையும் எண்களையும் விட்டுவிட்டு மற்ற சொற்களை மட்டும் பாருங்கள். ‘கூடுமானவரை’, ‘போதிய’, ‘உரிய நடவடிக்கை’, ‘கணிசமான பாதிப்பு’. இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “கழிவுநீர்க் கசிவைத் தடுக்க உரிய நடவடிக்கைகள் கூடுமானவரை மேற்கொள்ளப்படும்.” யார் செய்ய வேண்டும்? எப்போதைக்குள்? செய்யாவிட்டால் என்ன? ஒன்றுக்கும் பதில் இல்லை. நீங்கள் பயப்படுகிற வக்கீல் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். இதையே, “ஆலை உரிமையாளர் மாதம் ஒருமுறை தொட்டியைச் சோதிக்க வேண்டும். கசிவு இருந்தால் 24 மணி நேரத்துக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்” என்று எழுதிப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். நழுவ இடமும் குறைவு.

தமிழில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். ‘செய்யப்படும்’, ‘கண்காணிக்கப்படும்’ என்று ‘படும்’ போட்டு எழுதும் அலுவலக வழக்கத்தில் செய்கிறவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறார். கண்காணிக்கப்படும் என்றால் யாரால் என்று கேட்க நமக்கும் மறந்துவிடுகிறது.

சரி, எண்களுக்கு வருவோம். துல்லியமான எண்ணும் விளக்கம் இல்லாவிட்டால் வழி தவறவைக்கும். காற்றிலுள்ள 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகளுக்கு இந்தியாவில் 24 மணி நேரச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். நள்ளிரவுக்குப் பிறகு 4 மணி நேரம் அளவு 200இல் நிற்கிறது, மீதி 20 மணி நேரம் 30இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 58 சொச்சம் வரும். வரம்புக்குள்தான்! அந்த 4 மணி நேரமும் இருமிய குழந்தையை மடியில் வைத்திருந்த தாய், காலையில் “எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது” என்ற அறிக்கையைப் பார்த்தால் என்ன நினைப்பார்? அறிக்கை பொய் என்றுதான் நினைப்பார். அறிக்கையில் பொய் இல்லை. அவர் பட்டதிலும் பொய் இல்லை. ‘24 மணி நேரச் சராசரி’ என்ற மூன்று சொற்களுக்குள் அவருடைய இரவு கரைந்துபோயிருக்கிறது. அதை யாராவது அவருக்கு விளக்கியிருந்தால், “மணிவாரி அளவைக் காட்டுங்கள்” என்று அவரே கேட்டிருப்பார். சட்டம் புரியும்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்வதன் பொருள் இதுதான். சரியான கேள்வியைக் கேட்கும் இடத்துக்கு அது மக்களைக் கொண்டுவர வேண்டும்.

சுருக்கப் பிரசுரம் போதாது என்று நினைப்பதற்கும் காரணம் உண்டு. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று மதிப்பிடும் அறிக்கையின் சுருக்கத்தை, மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு முன் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் சுருக்கத்தைத் தருவது திட்டத்தைக் கொண்டுவருகிறவர். எதை விடுவது என்பதும் அவர் கையில். அமெரிக்காவில் 1978இலேயே, இத்தகைய அறிக்கைகள் எளிய மொழியில், வழக்கமாக 150 பக்கத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். 2013 முதல் 2017 வரை வந்த இறுதி அறிக்கைகளின் சராசரி நீளம் 600 பக்கங்களைத் தாண்டியது.

மொழியையும் சொல்லாமல் விட முடியாது. 2020இல் இந்திய அரசு அதே அறிவிக்கைக்கு மாற்றாகப் புதிய வரைவு ஒன்றை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டு, நாடு முழுவதும் கருத்துக் கேட்டது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் மாத இறுதியில் உத்தரவிட்டது. அரசோ உச்ச நீதிமன்றம் வரை போய், அப்படிச் செய்யச் சட்டப்படி கட்டாயம் இல்லை என்று வாதிட்டது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. படிக்க முடியாத மொழியில் கொடுத்துவிட்டுக் கருத்துச் சொல் என்பது என்ன கேட்பு?

வேறு மாதிரியும் செய்ய முடியும். 1984 போபால் பேரழிவுக்குப் பின், அமெரிக்கா 1986இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி குறிப்பிட்ட ஆலைகள் எந்த நச்சுப்பொருளை எவ்வளவு வெளியேற்றின என்று ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். அந்தப் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வரும். அதைப் பார்க்க வக்கீல் வேண்டாம். பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்துள்ள, 1998இல் உருவான ஆர்ஹஸ் உடன்படிக்கை, சுற்றுச்சூழல் தகவல் கேட்பவர் ஏன் கேட்கிறார் என்று சொல்லத் தேவையில்லை என்கிறது. இலத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளின் எஸ்காசு ஒப்பந்தம் (2018), நாட்டில் பேசப்படும் பல மொழிகளிலும் தகவலைத் தர முயல வேண்டும் என்கிறது.

நீங்கள் வேதியியல் தெரிந்தவர் என்பதால் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதிக்கு இப்படி ஓர் அறிக்கை வந்தால், பின்னிணைப்பிலுள்ள அளவீட்டு அட்டவணைக்கு நேராகப் போங்கள். எந்த மாதத்தில் அளந்தார்கள், எத்தனை நாள், எந்த இடத்தில், சராசரி எத்தனை மணி நேரத்துக்கு என்று பாருங்கள். அப்புறம் அந்த அட்டவணையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்குவதுபோல் ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். துல்லியம் எங்கே குறைகிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.