தோட்டத்துப் பிள்ளைக்கு ஐரோப்பா எதற்கு?

கேள்வி: பேராதனையில் அரசறிவியல் படிக்கும் தங்கச்சி, மேற்படிப்புக்கு ஐரோப்பிய ஆய்வு என்கிறாள். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவளுக்கு அதனால் என்ன பயன்?
– வாசகர், ஹட்டன்

பதில்: தாராளமாகப் படிக்கட்டும். இத்தாலியின் புளோரன்ஸில், ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்துக்குள் 1992இல் உருவான ராபர்ட் ஷூமன் மையம் இருக்கிறது. குடியேற்றம், எரிசக்தி, ஊடகச் சுதந்திரம் என்று இன்றைய ஐரோப்பாவைத்தான் அங்கே ஆராய்கிறார்கள். சரி, நமக்கென்ன? ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் நிறுத்தி 2017இல் இலங்கைக்குத் திருப்பித் தந்த, நம் ஏற்றுமதிக்கான ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகைக்கு 27 சர்வதேச உடன்படிக்கைகள் நிபந்தனை, அவற்றில் தொழிலாளர் உரிமையும் உண்டு. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிறார்களே, அந்தக் கணக்கை உங்கள் அம்மாவின் செக்ரோலில் (வேலை, சம்பளப் பதிவேட்டில்) பார்த்து வளர்ந்த பெண் இதைப் படிப்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். பிரெஞ்சு மொழியை இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.