பழைய போர்தோவில் வண்டல்

கேள்வி: பிரான்சின் போர்தோ வட்டாரத்துச் சிவப்பு ஒயின், 20 ஆண்டு பழையது. பாட்டிலின் அடியில் கறுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. கெட்டுவிட்டதா? எப்படிப் பரிமாறுவது?

பதில்: வண்டல் இருப்பதால் கெட்டுவிட்டதென்று அர்த்தமில்லை. டானினும் (திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருள்) நிறமிகளும் ஆண்டுக்கணக்கில் பிணைந்து, கனத்து, கீழே இறங்கியிருக்கின்றன. தீங்கில்லை, ஆனால் வாயில் நறநறக்கும், கசக்கும்.

முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். பழைய கார்க் உதிரும், மெதுவாக உருவுங்கள். பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் விளக்கை வைத்து, டிகேன்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) மெல்லிய தாரையாக ஒரே மூச்சில் ஊற்றுங்கள். நடுவில் நிமிர்த்தினால் எல்லாம் கலங்கிவிடும். வண்டலின் கருங்கோடு பாட்டிலின் தோளுக்கு வந்ததும் நிறுத்துங்கள்.

16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரியான பதம். சூடு கூடினால் ஆல்கஹால் நெடிதான் தூக்கலாக இருக்கும். இளம் ஒயினைப்போல மணிக்கணக்கில் காற்றாட விடவே விடாதீர்கள், முதிர்ந்த மணம் சீக்கிரம் பறந்துவிடும். நனைந்த அட்டை வாடை வந்தால் அது கார்க் கெடுத்த ஒயின். எவ்வளவு நேரம் காற்றாட விட்டாலும் தேறாது.